அப்பாவின் காரும் கட்டுநாயக்கா ரோட்டும்

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகள் துஷாந்தினிக்கு,

பிள்ளையாரின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகன் பிரியந்தனும் பேரனும் அந்தக் குளிரிலும் சுகமாக இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் வருகிறேன். இந்தக் காலத்தில் அம்மா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்துவிடுகிறார், எதையும் மனம்விட்டுச் சொல்ல வழியில்லை. மேல்மாடி நிருஷா தன் மகனிடம் டொரொண்டோவுக்கு வருகிறார், அவர் கையில் இதையும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் கொடுத்து விடுகிறேன்.

போன கிழமை நீ காரை விற்றுவிடச் சொன்னாயே, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். உன்னிடம் ஓம் ஓம் என்று தலையாட்டிய அப்பா, போனை வைத்ததும் சாப்பிடாமல் கீழே போய் அதைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். நீ சொன்னதில் பிழையில்லை. எங்கள் கைக்கு வரும்போதே அது இரண்டு பேர் ஓட்டிக் கழித்த கார். எனக்குக் காய்ச்சல் என்றால் பனடோலோடு முடித்துவிடுவார், காருக்குள் ஒரு புதுச் சத்தம் கேட்டால் கொட்டாஞ்சேனை பிறெடியின் கராஜுக்கு ஓடுவார். இனி இதுக்குச் சாமான் வேணுமெண்டால் மியூசியத்திலைதான் கேக்கவேணும் அங்கிள் என்று பிறெடியே சொல்லிவிட்டான்.

இன்றைக்கும் ஒழுங்கையில் மூக்கைக் கடல் பக்கம் திருப்பித்தான் நிறுத்துகிறார், ஸ்டார்ட் வராவிட்டால் சரிவில் உருட்டிக் கியரைப் போடலாம் என்று. அந்த நாளில் நீ பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு பின்னால் நின்று தள்ளுவாய், எஞ்சின் பிடித்ததும் அப்பா நிறுத்தப் பயந்து மெல்ல ஓட்ட, நீ புத்தகப் பையோடு ஓடிவந்து ஏறுவாய். கொதித்தால் ஹீட்டரைப் போட வேண்டும், அந்தச் சூடு எங்கள் மேல் வந்தால்தான் எஞ்சின் ஆறும். கொழும்பு வெயிலில் ஹீட்டர் போட்டுக்கொண்டு திரிந்த குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். நீர்கொழும்பில் போய் இறங்கும்போது கடலில் குளிக்காமலே மூன்று பேரும் நனைந்திருப்போம், நான் ஏச ஏச நீயும் அப்பாவும் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் கலங்குகிறது, வீடு அவ்வளவு அமைதியாகக் கிடக்கிறது.

புதன்கிழமை களுபோவில ஆஸ்பத்திரிக்கு, பிரஷர் கிளினிக்குக்குப் போகிறேன் என்று காரை எடுத்தவர் மத்தியானமாகியும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. நான் நேர்த்தி வைக்காத கோயில் இல்லை. பொழுதுபடும் நேரம் சட்டை முழுக்கக் கிரீஸோடு வந்தார். கிளினிக் பக்கமே போகவில்லை, பழைய நீர்கொழும்பு ரோட்டால் கட்டுநாயக்கா எயார்போட்டுக்குப் போயிருக்கிறார். போகும்போது நல்ல பிள்ளையாய் ஓடியதாம், திரும்பும்போது ஒருகொடவத்தையில் கொதித்து நின்றுவிட்டதாம், ஒரு கொண்டெய்னர் லொறிக்காரர்தான் தண்ணீர் கொடுத்தாராம். ஒருவரையும் ஏற்றி இறக்க இல்லாமல் அங்கே என்ன வேலை என்று வாயில் வந்தபடி ஏசினேன். கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார், அவள் போன அண்டைக்கு வத்தளையிலை நிண்டுபோச்சு, பிள்ளையை ரோட்டாலை போன ஆரோ ஒருத்தற்றை வானிலை ஏத்திவிட்டிட்டு நான் காரோடை ரோட்டிலை நிண்டனான், அவள் உள்ளுக்குப் போறதைக்கூட நான் காணேல்லை, வரேக்கையாவது நான் கூட்டிக்கொண்டு வரவேணும், கார் அதுமட்டும் ஓடுமோ எண்டு பாத்தன் என்று. அன்று நான் உன்னோடு அந்த வானில் ஏறி வந்துவிட்டேன். அவர் அந்த ரோட்டோரத்தில் தனியே நின்று என்ன பாடுபட்டார் என்று இத்தனை வருடமாக நான் கேட்கவே இல்லை.

ஆகவே பிள்ளை, காரை விற்கச் சொல்லாதே. நீ ஒருக்கால் வந்துபோன பிறகு தானே விற்கிறாராம். டொக்டர் இனித் தூர ஓட்டம் வேண்டாம் என்கிறார், ஒரு கண்ணில் வெள்ளை படரத் தொடங்கிவிட்டது, அதை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நிருஷாவிடமும் இதைப் பற்றி நீ கேட்காதே. கார் எவ்வளவு காலம் ஓடும், அவர் எவ்வளவு காலம் ஓட்டுவார் என்று எனக்குத் தெரியாது. சொந்தத்தில் ஒரு கலியாணம் வரட்டும், பேரனுக்கு லீவு வரட்டும் என்று பார்த்துக்கொண்டிராமல் இந்தச் சித்திரைக்கு வந்துவிடு.

வேலை வேலை என்று சாப்பாட்டை விடாதே, பேரனுக்குப் பால்தேத்தண்ணி அதிகம் கொடுக்காதே, மருமகனை நாங்கள் விசாரித்ததாகச் சொல். நோய்நொடியில்லாமல் நீங்கள் மூவரும் நீடூழி வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வந்து இறங்கினால் டாக்சி பிடிக்காதே, அப்பா வரும்வரை வாசலிலேயே நில். உன்னோடு வந்த சனம் எல்லாம் போய் முடிந்தாலும் நில். எங்காவது போனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார், பிந்தியென்றாலும் வந்துவிடுவார்.

என்றும் உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
சரோஜினிதேவி