வெளுத்துப்போன சிவப்புக் கோடு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நேற்று வடிவமைப்பு வகுப்பில் ஆசிரியை ஒரு நாற்காலியை நடுவில் போட்டு, ஒரு மணி நேரம் பார்க்கச் சொன்னார். என்னைக் கேட்டபோது, "நாலு கால் இருக்கு மேடம்" என்றேன். "நீ இருக்கிற இடத்துலேர்ந்து மூணுதான் தெரியும். தெரிஞ்சதைச் சொல்லாதே, பார்த்ததைச் சொல்லு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எண்ணிப் பார்த்தேன், மூன்றுதான்.

உங்கள் சலவைக்கூடத்துக்காக எச்சரிக்கைப் படம் வரைகிறோம். படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும். தேர்வாகும் படத்தை உங்கள் நிர்வாகம் அச்சடித்து ஒட்டும். என்னுடையதை அனுப்பியிருக்கிறேன். தோலை அரிக்கும் சலவைக் கார மருந்து டிரம்முக்குள் போகும் வெறுங்கை, குறுக்கே சிவப்புக் கோடு. ஒரு மாதம் டிரம்மிலேயே ஒட்டி வை. ஆவியும் மருந்தும் படட்டும். பிறகு படிக்காத பத்துப் பேரிடம் காட்டி, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன் பூனை

மார்ச் 12

என் செல்லப் பூனைக்கு,

வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறாய். சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஒன்றும் இல்லை. பத்துப் பேருக்கும் படம் புரிந்துவிட்டது. தாள் இத்துடன் இருக்கிறது. "எங்க வீட்டுல முதல் பட்டதாரி" என்று சூப்பர்வைசரிடம் பீற்றிக்கொண்டேன். "முதல்ல வாங்கட்டும்" என்றார். வாங்கி அவர் மூஞ்சியில் காட்டு.

அக்கா

ஜூலை 20

பூனைக்கு,

கெட்ட சேதி. புதிதாகச் சேர்ந்த சுருட்டைமுடிப் பெண் டிரம்மில் கையை விட்டுவிட்டாள். முழங்கைவரை வெந்துவிட்டது. விரல்கள் தேறாது என்கிறார்கள். நான்தான் தண்ணீர் ஊற்றினேன். "படத்துல கை உள்ளதானேக்கா போகுது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

தேர்வாகி, அச்சடித்து டிரம்மில் ஒட்டியிருந்த உன் படத்தைப் போய்ப் பார்த்தேன். சிவப்பு அடியோடு வெளுத்துவிட்டது. கருப்பில் கையும் டிரம்மும் மட்டும் பளிச்சென்று இருந்தன. அன்று மாலையே அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுப் படம் ஒட்டிவிட்டார்கள்.

பிப்ரவரியில் நீ சோதித்துப் பார்க்க அனுப்பிய படத்தை நான் ஒட்டவே இல்லை. நீ கையால் வரைந்தது, பாழாகிவிடுமே என்று பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். யாரிடமும் காட்டவும் இல்லை. எனக்குப் புரிந்தது, அவர்களுக்கும் புரியும் என்று நினைத்துவிட்டேன்.

அவள் கவனக்குறைவு என்று நிர்வாகம் எழுதப்போகிறது. நஷ்டஈடு கிடைக்காது. பாவம்தான். ஆனால் உண்மை தெரிந்தால் என் வேலை போகும், அம்மாவையும் வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே. உனக்குத்தான் பேசவே வராதே.

அக்கா

ஜூலை 31

அக்காவுக்கு,

தொழிலாளர் அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி கல்லூரிக்கு வந்தார். "படத்துல ஏதாவது குறை இருந்துதாம்மா?" என்று கேட்டார். உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். வெளுத்ததற்கு வேறு சாட்சி இல்லை.

நீ அனுப்பிய தாளில் பத்துப் பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருந்தார்கள். பத்துப் பேர் அப்படிப் பேச மாட்டார்கள் என்று மார்ச்சிலேயே எனக்குத் தெரிந்தது. படம் தேர்வாக வேண்டுமே என்று கண்ணை மூடிக்கொண்டேன். அதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

உன்னை வேலையிலிருந்து நிறுத்தியதை அம்மா போனில் சொன்னாள். நீ பக்கத்தில்தான் நின்றிருந்தாயாம். போனை வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணைப் பார்க்க வருகிறேன். ஆஸ்பத்திரிக்கு நம் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவு திறந்திருந்தால் உள்ளே வருகிறேன்.

உன் தங்கை