ஒரே இனம்

கோபக்காரருக்கு,

துருவத்துப் பாறையில நாம எடுத்த அம்மோனைட் சுருள் ஓட்டுப் புதைபடிவங்களை இன்னைக்கு அறுத்துப் பார்த்தேன். தனித்தனி இனம்னு நினைச்சு, பெரிய சுருளுக்கு நீங்க என் பேரை வெச்சீங்க. சின்னதுக்கு நான் உங்க பேரை வெச்சேன். உள்ளே இரண்டும் அச்சு அசல் ஒண்ணு. பெரியது பெண், சின்னது ஆண், அவ்வளவுதான்.

"துருவத்துல இத்தனை இனமா?"ன்னு நீங்க சந்தேகப்பட்டப்போ கத்தினேன். அன்னைக்கே பெட்டியைத் தூக்கிட்டு வீட்டை விட்டுப் போயிட்டீங்க.

ஒரே இனத்துக்கு இரண்டு பேர் இருந்தா, முதல்ல அச்சான பேர்தான் நிற்கும். அது என்னோடது. அதனால பட்டியல்ல உங்க பேரை அடிச்சேன்.

வக்கீல் அனுப்பின விவாகரத்துப் பத்திரமும் மேசைமேல இருக்கு. நாளைக்குக் கெடுவாம். ஒரே வாரத்துல இரண்டு தடவை உங்க பேரை அடிக்க என்னால முடியாது. கையெழுத்து வேணும்னா நேர்ல வந்து கேளுங்க.

அடம்பிடிச்ச
பெரிய சுருள்