இடப்பக்கம் இருக்கை இல்லாத கார்

பிரியமுள்ள அண்ணா,

நீ பொய் சொன்னாய். அந்தக் காரில் ஒரே ஓர் இருக்கை வைத்தது எடையைக் குறைப்பதற்காக இல்லை.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆக்லாந்து தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். "செந்தில் யாருக்கும் இல்லேன்னு சொன்னதே இல்லம்மா. அத மட்டும் மறக்காம எழுதிடு" என்றார் செயலாளர். எழுதுகிறேன். அவர் நினைத்த மாதிரி இருக்காது.

முதலில் வீட்டுச் செய்தி. நானும் அண்ணியும் மவுண்ட் ரோஸ்கில்லில் அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். அண்ணி முதியோர் இல்லத்தில் அதே நர்ஸ் வேலை. எனக்குப் படிப்பு முடிந்தது, விசா இன்னும் முடியவில்லை. கராஜில் உன் கார் நிற்கிறது. பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பூட்டினாயே, அதன் இன்ஜின் இப்போது ஓடுகிறது. இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே ஃபைபர் உடம்பு. உள்வேலைதான் பாக்கி. தரையில் என்ன விரிப்பது, டாஷ்போர்டை எதால் மூடுவது, கதவின் உள்பக்கம் என்ன ஒட்டுவது. இதையெல்லாம் முடித்தால்தான் பரிசோதகர் வந்து பார்த்துச் சான்றிதழ் தருவார். அதுவரை அது ரோட்டில் இறங்க முடியாது.

விற்றுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அண்ணி கேட்கவில்லை.

"உங்கண்ணன் என்னை இதுல ஒரு தடவகூட உக்கார வச்சதில்ல கயல். நான் உக்காந்து பாக்கணும். ஓட்டியும் பாக்கணும்."

சரி என்று நானும் இறங்கினேன். எதை எடுத்தாலும் நீ செய்த மாதிரியே முதலில் தராசில் மாட்டினோம். ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கிற கொக்கித் தராசு. இந்த ஊரில் தமிழர் வீடு ஒவ்வொன்றிலும் அது இருக்கும், ஆனால் யாருக்கும் அது சமயத்துக்குக் கிடைக்காது. நம் வீட்டுத் தராசுதான் எல்லார் பெட்டியையும் தூக்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதை யாருக்கும் தரமாட்டாய். ஸ்டீயரிங், கதவுத் தகடு, கார்ப்பெட் துண்டு, எல்லாவற்றையும் அதில் மாட்டி, எண் நிற்கிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாய். பெட்டிக்குள் போகிற ஊறுகாய்ப் பாட்டிலை எடுப்பதா வைப்பதா என்று யோசிக்கிறவன் முகம் உனக்கு அப்போது வரும்.

யாராவது கராஜுக்கு வந்தால் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"என்ன செந்தில், பக்கத்து சீட்ட காணோம்?"

"வெயிட்டு சார். அந்த சீட்டு மட்டுமே பன்னெண்டு கிலோ."

"அப்ப வீட்டம்மா எங்க உக்காருவாங்க? பானெட் மேலயா?"

"அதான் வேன் இருக்கே."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அந்த வேனைப் பற்றி இங்கே எழுதியாக வேண்டும், ஏனென்றால் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அதில் ஏறியவர்கள். ஏழு பேர் உட்காரும் பழைய ஜப்பான் வண்டி. ஆக்லாந்தில் புதிதாக வந்து இறங்குகிற தமிழனுக்கு யாரோ உன் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். ஏர்போர்ட்டில் நிற்பாய். பெட்டிகளை ஏற்றுவாய். சிம் கார்டு, வங்கிக் கணக்கு, வாடகைக்கு வீடு பார்க்க, பிள்ளைக்கு ஊசி, கோயில், மறுபடி ஏர்போர்ட். ஒருத்தர் கார் வாங்கிய பிறகும் இரண்டு மாதம் உன்னைக் கூப்பிட்டார். மோட்டார்வேயில் ஓட்டப் பயமாக இருக்கிறதாம். நல்ல சம்பளம் வாங்குகிறவர், டாக்ஸிக்குக் கூப்பிடக் கூச்சம், உன்னைக் கூப்பிடக் கூச்சமில்லை. இதற்குப் பெயர் சமூக ஒற்றுமை என்று போன வருடத்து மலரில் ஒரு கட்டுரை வந்தது.

ஓட்டிக்கொண்டே இருந்த நீ, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு வண்டியைக் கட்டினாய். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? எங்களுக்குப் புரியவில்லை.

போன மாதம் அண்ணியும் நானும் வெஸ்ட்கேட்டுக்குக் கார்ப்பெட் பார்க்கப் போனோம். வேன் இப்போது இல்லை, இரண்டு பஸ் மாறி. பெரிய கடை, சுருள் சுருளாக நிற்க வைத்திருக்கிறார்கள். அண்ணி ஒவ்வொன்றையும் புறங்கையால் தடவிப் பார்த்தாள். எனக்குப் பிடித்த தடிமனான ஒன்றைக் காட்டினேன். கடைக்காரப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணி பையிலிருந்து தராசை எடுத்து மாதிரித் துண்டை மாட்டினாள். அந்தப் பெண்ணும் பக்கத்தில் வந்து எண்ணைப் பார்த்தாள்.

அப்போதுதான் உன் போன் அடித்தது. வங்கிக்காரர்கள் அதற்குத்தான் ரகசிய எண் அனுப்புகிறார்கள் என்று அண்ணி அதை இன்னும் வைத்திருக்கிறாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"செந்தில் அண்ணாங்களா? சனிக்கிழமை காலைல இறங்கறோம்ணா. நாங்க நாலு பேரு, எட்டுப் பெட்டி. கோயமுத்தூர்ல ஃப்ரெண்டு உங்க நம்பர் குடுத்தாருங்க."

அண்ணி கார்ப்பெட் துண்டைக் கீழே வைத்தாள். "அவர் இல்லீங்க. இறந்துட்டார். ஒரு வருஷமாகப் போகுது."

"அய்யய்யோ. மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குங்க. அப்ப... வேற யாராச்சும் நம்பர் இருக்குங்களா?"

நான் போனைப் பிடுங்கப் போனேன். அண்ணி கையைத் தட்டிவிட்டாள். ஏர்போர்ட் பஸ் எந்த வாசலில் நிற்கும், டாக்ஸி எங்கே நிற்கும் என்று நிதானமாகச் சொன்னாள். எட்டுப் பெட்டி என்றால் பெரிய டாக்ஸியாகக் கேளுங்கள் என்றாள். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் இன்னும் விமானமே ஏறவில்லை. கோயமுத்தூர் நண்பருக்கு உன் நம்பரைக் கொடுத்தவன் இந்த ஊரில் இருக்கிறான். உன் சாவுக்கு வந்திருப்பான்.

கார்ப்பெட் வாங்காமல் திரும்பினோம்.

சீட்டுக்கு உறை தைக்கிற மாரி அங்கிளை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலேசியா ஈப்போக்காரர், வாயை மூடமாட்டார். போன சனிக்கிழமை கராஜுக்கு வந்தார். உள்ளே குனிந்து சுற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னா மா, ஒரு சீட்டா, ரெண்டு சீட்டா? சொன்னாதானே லா நான் வெட்ட முடியும்."

அண்ணி என்னைப் பார்த்தாள். அதற்கு முந்தைய இரவே இதைப் பேசி முடிவெடுக்க முடியாமல் படுத்திருந்தோம். இன்னொரு சீட் வைத்தால் கார் இரண்டு பேருக்காகும். அண்ணி போகிற இடத்துக்கு என்னையும் கூட்டிப்போகலாம். உன்னைப் பற்றி நாலு பேரிடம் சொல்லவும் நன்றாக இருக்கும்: மனைவிக்காகத்தான் கட்டினான், முடிப்பதற்குள் போய்விட்டான். நானேகூட அதை நம்பத் தயாராக இருந்தேன்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு இடப்பக்கத் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். சீட்டை மாட்டுவதற்கு ஓட்டை போட்டிருப்பாயோ, பென்சில் குறியாவது வைத்திருப்பாயோ என்று தேடினேன். வலப்பக்கம் நான்கு ஓட்டை, பெல்ட்டுக்குத் தனியாகத் தகடு. இடப்பக்கம் ஒன்றும் இல்லை. சுத்தமான அலுமினியம். ஒரு கீறல்கூட இல்லை.

"போட்டுக்கலாம் மா," என்றார் மாரி அங்கிள். "அடியில தகடு வெல்டு பண்ணி, ரெண்டு நாளு வேல. பரிசோதகருக்கும் ஓகேதான்."

"வேணாம் அங்கிள்," என்றாள் அண்ணி. "அவர் ஒண்ணுதான் வச்சார். ஒண்ணே இருக்கட்டும்."

அவள் அழவில்லை. இடப்பக்கத் தரையை உள்ளங்கையால் ஒருதரம் துடைத்தாள், அவ்வளவுதான்.

அதன்பிறகு எல்லாம் சுலபமாக முடிந்தது. தரைக்குக் கார்ப்பெட் இல்லை, மெல்லிய ரப்பர் விரிப்பு. கதவின் உள்பக்கம் அலுமினியம் அப்படியே, ஓரங்களை மட்டும் மடித்துவிடுவது. தலை இடிக்கக்கூடிய இடத்தில் மெத்தென்று இருக்க வேண்டும் என்று பரிசோதகர் சொல்லியிருப்பதால் டாஷ்போர்டுக்கு மெல்லிய ஃபோம், அதன்மேல் பளபளக்காத கறுப்பு ரெக்ஸின். பளபளத்தால் வெயிலில் கண்ணாடியில் அடிக்குமாம். இடப்பக்க வெற்றிடத்தை ஒரு தகடு போட்டு மூடி ஸ்க்ரூ அடித்துவிடுவது.

"நூலு என்னா கலரு?" என்றார் மாரி அங்கிள். "நூலுக்கு வெயிட்டே இல்ல மா. எத வேணும்னாலும் கேளு."

உன் நோட்டில் சாம்பல் நிறம் என்று எழுதியிருந்தாய். அண்ணி மாம்பழ மஞ்சள் என்றாள்.

பிறகு ஏறி உட்கார்ந்தாள். முதல் தடவை. கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட்டை உன் காலுக்கு அளந்து அசையாமல் பூட்டியிருக்கிறாய். நுனிக்கு வந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, கால்விரல் நுனியால் கிளட்சைத் தொட்டாள். மாரி அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார். "அலாமா! சின்னப் பிள்ள பஸ்ஸு ஓட்டற மாதிரி இருக்கு லா!" அண்ணியும் சிரித்தாள், ஒரு வருடத்தில் நான் பார்க்காத சிரிப்பு. சீட்டை முன்னே தள்ள ஒரு தண்டவாளம் போட வேண்டும். அதையும் தராசில் மாட்டினேன். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நீ சம்மதித்திருக்க மாட்டாய். போட்டுவிட்டோம்.

இனி, மலரில் எழுதக் கூடாத பகுதி.

நீ போன அன்றைக்கு ஒன்பது மணிக்கு உனக்கு டாக்டரிடம் அப்பாயிண்ட்மெண்ட் இருந்தது. அதைத் தள்ளிப்போட்டுவிட்டுப் புதிதாக வந்த ஒரு குடும்பத்தை வீடு பார்க்கக் கூட்டிப்போனாய். அவர்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தபோது நீ ஸ்டீயரிங்கில் தலை வைத்திருந்தாய். பாவம், அசதியில் தூங்குகிறார், உதவிக்கு வந்த மனிதரை எழுப்புவது மரியாதையில்லை என்று நான்கு பேரும் வெளியே நடைபாதையில் நின்றார்கள். இருபது நிமிடம். நம் ஆட்கள் மரியாதை காட்டியது அந்த இருபது நிமிடம்தான்.

ஆனால் அவர்களுக்கு முன்னால் வேனில் ஏறியவள் நான். தினமும் மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷனில் என்னை இறக்கிவிட்டு, வந்த வழியே திரும்பி வேலைக்குப் போவாய். நம் வீட்டு வாசலுக்கு எதிரே, டெய்ரி என்கிற மூலைக்கடை பக்கத்தில் பஸ் நிற்கும். ஒருநாளும் நான் அதில் ஏறியதில்லை. அன்றைக்கு நீ சமையலறையில் நின்று இடக்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். என்னாச்சு என்று கேட்டேன். "பெட்டி தூக்கினதுல சுளுக்கு" என்றாய். "சரி வா, எனக்கு ட்ரெயின் போயிடும்" என்றேன்.

இப்போது நான் பஸ்ஸில்தான் போகிறேன். சான்றிதழ் வந்ததும் அண்ணி காரை எடுப்பாள், தனியாகத்தான். அந்தத் தகட்டின்மேல் ஒரு பையைக்கூட வைக்கமாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. யார் கேட்டாலும் இடமில்லை என்று சொல்வேன். எடை என்று சொல்லமாட்டேன்.

பதிலுக்கு நீ ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குக் காலையில், நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டு வந்தபோது, உனக்கு வலித்ததா? சுளுக்கு என்று மறுபடியும் சொல்லாதே. உண்மையைச் சொல்லு அண்ணா.

அன்றைக்கு வேனின் முன்சீட்டில் வந்த உன் தங்கை,
கயல்