கடலுக்குள் ஓடும் கரண்ட்

எனக்கு முன்னே பிறந்து எனக்கு முன்னே போய்விட்ட என் அக்காவுக்கு,

இங்கே சண்டை நின்றிருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் சந்தையில் சனம் சிரித்துக் கதைக்கிறது. சவர்க்காரம் வந்திருக்கிறது, பற்றரி வந்திருக்கிறது. கரண்டும் வரப்போகிறதாம். கேட்டவுடன் உங்கள் முகம்தான் நினைவில் வந்தது.

83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினீர்கள். பூமியின் காந்தத்தை அளக்கும் கருவிகளோடு வருடக்கணக்காக வேலை செய்த உங்கள் கையில் அன்று மாற்றுச் சேலைகூட இல்லை. அம்மா அழுதார். நீங்கள் முகம் கழுவிவிட்டு, கோப்பாய் வீட்டுத் தோட்டத்தை ஒருமுறை சுற்றி வந்தீர்கள். "இரும்பு கிட்ட இல்லாத இடம் ஒண்டு வேணும்" என்றீர்கள். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு உங்களையே பார்த்தார்.

யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் படிப்பிக்கும் வேலை கிடைத்தது. கருவி கிடைக்கவில்லை. அப்போது நான் கலியாணம் முடித்துப் பருத்தித்துறையில் இருந்தேன், தையல் ரீச்சராக. என்னுடைய தையல் ஊசிகளைத்தான் பழைய றேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தில் உரசிக் காந்தமாக்கினீர்கள். தொங்கவிட முறுக்கில்லாத பட்டிழை வேண்டும் என்றீர்கள். என் கூறைச் சேலையிலிருந்து உருவித் தந்தேன். ஊசியில் சிறு கண்ணாடித் துண்டு, எதிரே இலக்கம் போட்ட ஓர் அடிமட்டம். கண்ணாடியில் தெரியும் இலக்கத்தை எட்ட நின்று தொலைநோக்கியால் வாசிக்க வேண்டும். ஒன்று கோப்பாயில், ஒன்று கடற்கரையோரம் என் வீட்டு வளவில். ஒரே நேரத்துக்குச் சரிசெய்து வைத்த இரண்டு கைக்கடிகாரங்கள். நீங்கள் அங்கே பார்க்கும்போது நானும் இங்கே பார்ப்பேன்.

எனக்கு விளங்கும்படி சொன்னீர்கள். பகல் வெயிலில், மிக உயரத்தில், காற்று மண்டலத்தின் மேல்தட்டில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அது கீழே கடலிலும் பாறையிலும் இன்னொரு ஓட்டத்தைக் கிளப்புகிறது. காந்த ஊசி அதை உணர்ந்து மயிரிழை அளவு திரும்பும். எங்களுக்கும் இந்தியாவுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய கடலில் அந்த ஓட்டம் நெருக்கியடித்துப் பாய்கிறதா, அதற்கும் அடியில் பூமி எப்படி இருக்கிறது? இதுதான் உங்கள் கேள்வி. அந்தக் கேள்விக்காக என் சட்டையிலிருந்த குண்டூசிகளை எத்தனை தரம் கழற்றவைத்திருப்பீர்கள்!

பிறகு கரண்ட் நின்றது. கம்பிகள் வெறுமனே தொங்கின, தோட்டங்களில் மோட்டர்கள் ஓய்ந்தன. சனம் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்தது. கம்பிக் கரண்டின் குழப்பம் இல்லாத அந்த நாட்களில்தான் உங்கள் ஊசி ஒரு நடுக்கமும் இல்லாமல் நின்றது. தொலைநோக்கியிலிருந்து முகத்தை எடுத்துவிட்டுச் சொன்னீர்கள்: "நிலம் இவ்வளவு அமைதியா இருந்து நான் கண்டதில்லை, பிள்ளை. இதுக்குச் சந்தோசப்பட எனக்கு வெக்கமாக் கிடக்கு." இனிக் கரண்ட் வந்தால் ஊசி நடுங்கும். நடுங்கட்டும் என்றுதான் நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

கடற்கரை ஊசி எப்போதும் கோப்பாய் ஊசியைவிடக் கூடுதலாகத் திரும்பியது. உங்களோடு படிப்பித்தவர்கள் நம்பவில்லை. ஊசி பிழையாக இருக்கலாம், தங்கச்சியின் கண் பிழையாக இருக்கலாம் என்றார்கள். நீங்கள் வாதாடவில்லை. ஊசிகளை இடம் மாற்றுவோம், ஆட்களும் மாறுவோம் என்றீர்கள். தொய்வோடு, மூச்சு இழுக்க இழுக்க, வல்லை வெளிக் காற்றை எதிர்த்துச் சைக்கிள் மிதித்து என் வீட்டுக்கு வந்தீர்கள்.

ஊசியை நாம் மாற்றித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஆயுதத்தோடு இருவர் வளவுக்குள் வந்தார்கள். இரண்டு பெண்கள் குழல் வைத்துக் கடலைப் பார்க்கிறார்கள் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் பேசினீர்கள்.

"தம்பி, இரும்பு கிட்ட வந்தால் ஊசி திரும்பிவிடும். துவக்கை வேலிக்கு அங்காலை வைச்சிட்டு வாரும், காட்டுறன்."

மூத்தவன் அசையவில்லை. "என்னத்தைப் பாக்கிறியள்?"

"கடலுக்குள்ளை ஓடுற கரண்டை."

"எங்கடை வீடுகளிலை இல்லாத கரண்ட் கடலுக்குள்ளை ஓடுதோ?"

"ஓம். வந்து பாருமன்."

மூத்தவன் துவக்கை மற்றவனிடம் கொடுத்து அவனை வெளியே தெரு ஒழுங்கைக்கு அனுப்பிவிட்டு வந்து குனிந்து பார்த்தான். இலக்கம் மெல்ல நகர்வதைக் கண்டதும் அவன் மூச்சை அடக்கியது எனக்குக் கேட்டது. நிறைய நேரம் பார்த்தான். போகும்போது, குழலைக் கடற்பக்கம் மட்டும் திருப்ப வேண்டாம் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் நான் கோப்பாய்க்குப் போனேன். ஒரு கிழமை நீங்கள் என் வீட்டில், நான் உங்கள் வீட்டில். திரும்பி வந்து இலக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஊசியும் ஆளும் மாறியும் கடற்கரையில்தான் கூடுதலாகத் திரும்பியிருந்தது. நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். "ஊசியிலும் பிழையில்லை, உன்ரை கண்ணிலும் பிழையில்லை. அது கடல்தான், பிள்ளை." அன்று நீங்கள் என்னைக் கட்டிப்பிடித்தீர்கள். சின்ன வயதில்கூட அப்படிச் செய்ததில்லை.

அந்த மாரி மழைக்காலத்தில் தொய்வு முற்றியது. மருந்துக் கடைகளில் மருந்து இல்லை. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், பேச முடியாமல், விரலைத் தொங்கவிட்டு மெல்லத் திருப்பிக் காட்டினீர்கள். ஊசியைப் பார்த்தாயா என்று கேட்கிறீர்கள் என எனக்கு விளங்கியது. பார்த்தேன் என்றேன். உண்மையாகவே அன்று காலையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். உங்களுக்குத் திருப்தி. நீங்கள் போன பிறகு எத்தனையோ பகல், அந்தத் தொலைநோக்கிக்கு முன் நான் சும்மா குந்தியிருந்திருக்கிறேன். கோப்பாயில் இப்போது யார் பார்க்கிறார்கள், அக்கா?

அதனால்தான் இதை எழுதுகிறேன். போன கிழமை என் தையல் வகுப்பில் படிக்கும் செல்வி என்ற பிள்ளையின் தாய், விதவை, கோப்பாய்க்காரி, வீட்டுக்கு வந்தாள். நீங்கள் அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். தனக்கு இலக்கம் வாசிக்கத் தெரியும், பகலில் நேரமும் இருக்கிறது என்றாள். நாளைக்கு ஊசியையும் ஒரு கடிகாரத்தையும் கோப்பாய்க்கு அவளிடம் கொண்டு போகிறேன். பிறகு பாதை திறந்தால், கடலுக்கு அந்தப் பக்கம் கோடிக்கரையிலும் ஓர் ஊசி தொங்கவிடுவேன். அங்கேயும் யாராவது ஒருத்தி கிடைக்காமலா போவாள்? கிடைக்கும்வரை தேடுவேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் கூடப்பிறந்தவள், உங்கள் மற்றக் கண்,
தங்கச்சி பவளம்
பருத்தித்துறை