வயலட் அக்காவின் ஜெபக்குறிப்பு

ஒத்தக்கடை,
சனிக்கிழமை.

அன்பு மகள் ஜெமிமாவுக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் தம்பி ஸ்டீவும் சுகம், அங்கே ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் குளிர் படாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, ஆனாலும் மேலூர் ரோட்டு டீக்கடையில் அவர் என்ன குடிக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. ஸ்டீவ் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் சமயநல்லூரிலேயே மண்டபம் பிடித்துவிட்டார்கள். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், அதனால்தான் எழுதுகிறேன். நான் கல்யாணத்துக்கு வரலம்மா, அம்புட்டுப் பேரு முன்னால எப்படி நிப்பேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ ஏரியில் குட்டிக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்துவிட்டு, நீச்சல் உடையோடு அவளை இடுப்பில் வைத்துக் கரையேறும் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தாய். உன்னிடம் மறைப்பானேன், எனக்கும் அது பிடிக்கவில்லை, மேலே ஒரு துண்டைப் போட்டிருக்கலாமே என்றுதான் முதலில் தோன்றியது. அதை நான் உன்னிடம் சொல்வேன், நீ என்னிடம் சண்டை போடுவாய், அது நமக்குள். வயலட் அக்கா என்ன செய்தாள்? பெண்கள் சங்கச் செயலாளர், உன் திடப்படுத்தல் ஆராதனைக்கு வெள்ளைச் சேலை கட்டிவிட்டவள், அந்தப் படத்தை எடுத்துச் சபை ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் போட்டு, ஜெபக்குறிப்பு என்று தலைப்பும் கொடுத்து, வெளிநாட்டில் ஆடையையும் சாட்சியையும் இழந்து நிற்கும் நம் சபை மகளுக்காகப் பாரத்தோடு ஜெபிப்போம் என்று எழுதினாள். நம் சபையில் ஒருவரைப் பற்றிப் புறணி பேசினால் பாவம், அதையே ஜெபக்குறிப்பாகச் சொன்னால் ஊழியம். குழுவில் இருந்த ஆண்களும் பெண்களும் வரிசையாக ஆமென் போட்டார்கள். ஆண்டவருக்கு உன்னைத் தெரியும், அவரிடம் கேட்பதற்குப் படம் எதற்கு? போதகர் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அக்கா உங்க மக மேல உள்ள பாரத்துலதாம்மா போட்டாங்க, மன்னிச்சு விட்ருங்க என்றார். சரிங்கய்யா என்று சொல்லிவிட்டு வந்தேனே தவிர மன்னிக்கவில்லை.

நேற்று வீட்டு ஜெபம் நம் முறை. யார் வீட்டில் ஜெபமோ அவர்கள்தான் வேதப்பகுதி சொல்ல வேண்டும், செயலாளர் எழுந்து வாசிக்க வேண்டும், உனக்குத் தெரியும். நான் நோவாவின் வெள்ளம் வடிந்த பிறகு வரும் பகுதியைக் கொடுத்தேன். குடியைப் பற்றி என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, சாராய வாசனையே அறியாத உன் அப்பாவைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் தொடங்கினாள். நோவா குடித்துவிட்டுக் கூடாரத்தில் துணியில்லாமல் கிடந்ததை ஒரு மகன் பார்த்து வெளியே போய்ச் சொன்னதும், மற்ற இரண்டு மகன்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்துபோய் அப்பனைப் போர்த்தியதும் வரும் இடத்தில் அவள் நிறுத்திவிட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். முழுசா வாசிங்கக்கா என்றேன். வாசித்து முடித்ததும் நான் எழுந்து, துணியில்லாமக் கெடந்தவருக்குச் சாபமில்ல, வெளிய போயிச் சொன்னவன் குடும்பத்துக்குத்தான் சாபம், அதுவும் அவன் பிள்ளை தலையில விழுந்துச்சு, அவனும் ஜெபக்குறிப்பாத்தான் சொல்லியிருப்பான் என்றேன். எல்லாரும் வடையை வாங்கிக்கொண்டு தலை நிமிராமல் போனார்கள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது ஜெமி, பொய் சொல்ல மாட்டேன். ஒன்றுதான் உறுத்தியது. பிள்ளை தலை என்று நான் சொன்னபோது மாசமாக இருக்கும் அவள் மருமகள் ஆர்த்திகா வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் எனக்கு என்ன செய்தாள், பாவம். இன்று காலையில் போய் அவள் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு வந்தேன். வாசலில் நின்ற மாமியாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. படத்தை ராத்திரியே குழுவிலிருந்து நீக்கிவிட்டாளாம். பார்த்தவர்கள் கண்ணிலிருந்து எப்படி நீக்குவாள்?

பகையை வைத்துக்கொண்டு திருவிருந்துக்கு வரக்கூடாதே அம்மா என்று போதகர் ஐயா மதியம் போன் செய்தார். அதனால் நாளைக்கு நான் திருவிருந்துப் பந்திக்குப் போகப்போவதில்லை, ஆண்டவரிடம் பொய் சொல்லி அப்பம் வாங்க எனக்கு வராது. அவள் எல்லார் முன்னாலும் படத்தைப் போட்டாள், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கட்டும், பிறகு பார்க்கலாம். கல்யாணப் பத்திரிகை வந்ததும் முதல் பத்திரிகை அவளுக்குத்தான் வைக்கப்போகிறேன், முன்வரிசையில் உட்கார வைக்கப்போகிறேன். என்னடி திட்டம் போடுற என்று அப்பா பயப்படுகிறார். ஒரு திட்டமும் இல்லை. நீ குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் எதிரே நடந்துபோக வேண்டும், கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டும். நீ வராமல் இருந்துவிட்டால் நேற்று நான் பேசியதெல்லாம் வீண், அவள் எழுதியதுதான் உண்மை என்று ஆகிவிடும். அவர்கள் எல்லாரும் உன்னைப் பார்த்தாகிவிட்டது, இனி நீ வந்து அவர்களைப் பார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உங்கள் மூவரையும் பத்திரமாக வீடு சேர்க்கட்டும். குட்டிக்கு என் முத்தம். மறக்காமல் கல்யாணச் சேலைக்கு ஜாக்கெட் அளவு அனுப்பு. முதுகுப்பக்கம் எவ்வளவு இறக்கம் வேண்டும் என்று நீயே எழுது, இந்த முறை டைலரிடம் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

உன் அம்மா,
கிரேஸ் சுகந்தி