பகல் வழி அவருக்கு, இருட்டு வழி எனக்கு

ரவுமா, பின்லாந்து,
ஈஸ்டர் கழிந்து ஒரு வாரம், திங்கட்கிழமை

அன்பு மகள் மிர்வாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், அதேபோல நீயும் மாப்பிள்ளை எய்னாரும் உன் வயிற்றில் இருக்கும் சின்னவரும் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் காலையில் காபி வைக்கும்போதே வேண்டிக்கொள்கிறேன். இங்கே பனி பாதி உருகிவிட்டது, முற்றமெல்லாம் சேறு, அப்பா அதே செருப்போடு சமையலறைக்குள் வந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். அடுத்த வீட்டு ஹில்க்கா இடுப்பு அறுவை முடிந்து முன்னைவிட வேகமாக நடக்கிறாள், வாயும் முன்னைவிட வேகம். இதையெல்லாம் போனில் சொல்லலாமே, அம்மா ஏன் கடிதம் எழுத உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், ஒரு பக்கம்கூடப் புரட்டுவதில்லை, காது முழுக்க இங்கேதான். நான் சொல்லப் போவது அவர் காதில் விழக்கூடாது.

போன மாதம் நீ அழுதுகொண்டே போனை வைத்தாய். ஆகஸ்ட் கடைசியில் பிள்ளை பிறக்கிறது, செப்டம்பரில் வாருங்கள், கோடையில் எங்கள் விடுதியில் சுற்றுலாக்காரர்கள் நிறைந்துவிடுவார்கள், உங்களோடு உட்கார்ந்து பேசக்கூட நேரமிருக்காது என்று எவ்வளவு பொறுமையாகச் சொன்னாய். அப்பாவோ, வந்தால் ஜூன், இல்லாவிட்டால் இல்லை என்று ஒற்றைக் காலில் நின்றார். "பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடி வந்து எதைப் பாக்கப் போறாரு, என் வயித்தையா?" என்று நீ கேட்டது எனக்குச் சுருக்கென்று தைத்தது. பேரப்பிள்ளையைப் பார்க்க அவருக்கு ஆசையில்லை என்று நீ முடிவு கட்டிவிட்டாய். அப்படி இல்லையடி. கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லை, முழுக்க வரைபடம்தான். ரவுமாவிலிருந்து வாசா, அங்கே காரைக் கப்பலில் ஏற்றி ஸ்வீடன் கரையில் ஊமியோ, பிறகு காட்டு வழியாக மலையேறி நார்வே, பூடோவில் இன்னொரு கப்பல், இறங்கினால் உங்கள் தீவு. எங்கே பெட்ரோல், எங்கே நல்ல காபி என்பது வரை பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். காரின் கூரைப் பெட்டியையும் சேர்த்து உயரம் அளந்தால்தான் கப்பலில் சரியான சீட்டு வாங்க முடியுமாம், அதற்காக என் ரொட்டிப் பலகையைக் கொண்டுபோய்ப் பெட்டிமேல் வைத்து நாடா பிடித்தார், பலகை கீழே விழுந்து ஓரம் போயிற்று. இத்தனைக்கும் மேலே, எய்னார் கட்டியிருக்கும் புதுச் சவுனாக் குளியலறையின் அடுப்பில் அடுக்க நம் கரையிலிருந்து கல் பொறுக்கி இரண்டு பெட்டி நிரப்பி வைத்திருக்கிறார். நார்வேயில் மலையைத் தவிர வேறு என்ன இருக்கிறது, கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிறீர்களா என்று கேட்டேன். "அந்தக் கல்லெல்லாம் தண்ணி ஊத்தினா வெடிக்கும். இது எங்க அப்பா சவுனாவுல கிடந்த கல்லோட கூடப்பிறந்தது" என்றார். காரின் பின்பக்கம் இப்போதே தாழ்ந்து நிற்கிறது. ஆசையில்லாத மனிதர் செய்கிற வேலையா இது?

ஈஸ்டருக்கு நவ்வோ தீவில் உன் அத்தை சைமி வீட்டுக்குப் போயிருந்தோம். அவள் பண்ணிய ஈஸ்டர் களி மம்மியை அப்பா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார், நான் வழக்கம்போல நிறையப் பாலை ஊற்றி விழுங்கினேன். சாப்பாடு முடிந்ததும் கிளம்பலாம் கிளம்பலாம் என்று அப்பா பரபரத்தார், சைமி விடவில்லை, காபி, அப்புறம் பழைய கதை, அப்புறம் இன்னொரு காபி. கார் ஏற்றும் மஞ்சள் கப்பலின் துறைக்கு நாங்கள் வந்து சேரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. அந்தக் கப்பல் உனக்குத் தெரியாததா, ஒரு காபி ஆறுவதற்குள் அக்கரை போய்விடும், அப்பா அதில் ஆயிரம் முறை ஏறியிருப்பார். வண்டித் தளத்தில் நின்ற பெண் விளக்கை ஆட்டி இடது வரிசைக்குக் கை காட்டினாள். அப்பா நேராக நடுவில் போய் அவள் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் பிரேக் போட்டார். என் உயிர் ஒருமுறை வெளியே போய்விட்டு வந்தது. அவள் குனிந்து, "ஐயா, நான் அந்தப் பக்கம்தானே கை காட்டினேன்?" என்று மெதுவாகத்தான் கேட்டாள். வண்டிக் கண்ணாடியில் பனி படிந்திருக்கிறது என்றார் அப்பா. கண்ணாடி பளிங்காக இருந்தது. பின்னால் ஏழெட்டு வண்டி. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை, நம் ஆட்கள் அடிக்கமாட்டார்கள், சும்மா காத்திருந்தார்கள். திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எப்படியோ வண்டியை வரிசையில் நிறுத்திவிட்டு இறங்கி, முன்னால் சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு நின்றார். நான் இறங்கிப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன்.

அக்கரையில் நான்தான் வண்டியை இறக்கினேன். கொஞ்ச தூரம் போனதும், "கிளட்ச்ச அவ்வளவு மிதிக்காத, அது என்ன பாவம் பண்ணுச்சு" என்றார். பிறகு பரைனன் ஊர் தாண்டியதும் அவராகவே, "விளக்கு தெரியுது ரைலி. விளக்கப் பிடிச்சிருக்கிற ஆளுதான் தெரியல" என்றார். நவம்பரிலேயே டாக்டர் சொல்லிவிட்டாராம். விழித்திரைக் கோளாறு, மூக்குக்கண்ணாடி மாற்றினால் தீராது, பகலில் பயமில்லை, இருட்டில் வண்டி எடுக்கவே கூடாது, போகப்போகப் பகலிலும் குறையலாம் என்று. குளிர்காலம் முழுக்க மனிதர் மதிய வேளையில் மட்டும் கடைக்குப் போனதும், பாட்டுக் குழுவுக்குப் போவதை நிறுத்தியதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஜூன் எதற்கென்றும் புரிந்தது. ஜூனில் வடக்கே ஏற ஏறச் சூரியன் மறைவதே இல்லையே. வழி முழுக்க அவர் தன் கையால் ஓட்டிக்கொண்டு உன் வாசலில் வந்து இறங்கலாம், உனக்கும் எனக்கும் ஒன்றும் தெரியாமலே போய்விடும். அதற்காகத்தான் பிள்ளையின் முகத்தையே விட்டுக்கொடுக்கப் பார்த்திருக்கிறார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, ஆனால் சாலையில் மான் வரும் நேரம், அதனால் இரண்டையும் அடக்கிக்கொண்டு ஓட்டினேன்.

மறுநாள் காலையில் நானே வரைபடத்துக்கு எதிரே உட்கார்ந்து, செப்டம்பரில் போகலாம் என்றேன். இருட்டில் யார் ஓட்டுவது என்றார். நான்தான் என்றேன். "நீ ஓட்டுவ, நான் யாரு? பின்னாடி இருக்கிற கல்லோட நானும் ஒரு கல்லா?" என்று எழுந்து விறகு பிளக்கப் போய்விட்டார். இரண்டு நாள் விறகு பிளந்தார், இந்த வருஷத்துக்கு மட்டுமல்ல, அடுத்த வருஷத்துக்கும் இருக்கிறது. நான் ஹில்க்காவைக் கூட்டிக்கொண்டு அந்தி நேரத்தில் துறைமுகச் சாலையில் ஓட்டிப் பழகினேன். உரிமம் பெட்டியில்தான் கிடந்தது, காலும் கையும்தான் மறந்திருந்தன. அதிமதுர மிட்டாயை மென்றுகொண்டு அவள், "நீ போற வேகத்துக்கு ஆமை வந்து, பாட்டி கொஞ்சம் ஒதுங்கும்மான்னு கேக்கும்" என்கிறாள். கேட்கட்டும். அப்பாவிடம் நான் கெஞ்சவில்லை. ஒரே ஒரு முறை, பகல் வழி உங்களுக்கு, இருட்டு வழி எனக்கு, இந்த வருஷம் அந்தப் பிள்ளை முகத்தை நீங்கள் நல்ல வெளிச்சத்தில் பார்த்தாக வேண்டும் என்று மட்டும் சொன்னேன். நேற்று ஹில்க்காவோடு கிளம்பலாம் என்று காரைத் திறந்தால், ஓட்டுநர் இருக்கை என் காலுக்கு எட்டும்படி முன்னால் தள்ளியிருந்தது, முதுகுக்கு என்னுடைய பழைய கம்பளி மெத்தை வேறு. வரைபடத்தில் ஜூனை அழித்துவிட்டுச் செப்டம்பர் என்று எழுதியிருக்கிறார். ஒவ்வொரு நாள் வழியிலும் பொழுது சாயும் இடத்தில் ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் என் பெயர்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த இரண்டொரு நாளில் அவரே உனக்குப் போன் செய்வார். ஜூனில் கொசு அதிகம், அதனால் செப்டம்பருக்கு மாற்றிவிட்டேன் என்பார். நம்பினமாதிரி இரு. எய்னாரிடம் சொல், அவர் வாயைத் திறக்கமாட்டார், நல்ல மாப்பிள்ளை. அப்பா தானாக உன்னிடம் சொல்லும் நாள் வந்தால் அன்றுதான் கேட்டமாதிரி கேட்டுக்கொள். என்னைப்பற்றிக் கவலைப்படாதே, மலைப்பாதையில் பொழுது சாய்ந்ததும் பனிமான்கள் நடுச்சாலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்குமாம், நான் போகும் வேகத்தில் அவை எழுந்து சோம்பல் முறித்துவிட்டுப் போகலாம். நீ விடுதி மெத்தைகளைத் தூக்காதே, அதற்குத்தான் எய்னாருக்குத் தோள் இருக்கிறது. மீன் காயப்போடும் பரண்மேல் ஏறாதே. காலுறை மூன்று ஜோடி அனுப்பியிருக்கிறேன், பெரியது எய்னாருக்கு, நடு அளவு உனக்கு, அந்தக் கட்டைவிரல் அளவு இருப்பது யாருக்கென்று உனக்கே தெரியும். சுகமாகப் பெற்றெடு, தாயும் பிள்ளையும் நீண்ட ஆயுளோடு இருக்க என் மனம் நிறைந்த ஆசி.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. செப்டம்பரில் பூடோக் கப்பல் உங்கள் துறைக்கு வரும்போது நன்றாக இருட்டியிருக்கும். எய்னார் வழக்கம்போல டார்ச்சை எங்கள் வண்டிப் பக்கம் அடித்து வழி காட்ட வருவார், வேண்டாம் என்று சொல். வழியை நான் பார்த்துக்கொள்வேன். நீ பிள்ளையை நன்றாகப் போர்த்தித் தூக்கிக்கொண்டு நில், எய்னார் அந்த விளக்கை உங்கள் இருவர் பக்கமும் திருப்பிப் பிடிக்கட்டும். வண்டியில் இருந்தபடியே அப்பாவுக்கு ஆள் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
இருட்டு நேரத்து டிரைவர்,
உன் அம்மா ரைலி