ஆறு நிக்கேல்லை, கரண்ட் வரும்

மச்சான்,

இன்று காலை, இந்தக் குளிருக்கு முதல் தடவையாகக் கரண்ட் ஹீற்றரைப் போட்டேன். கோடை முழுக்கச் சுவரடியில் சும்மா கிடந்த தகரம் சூடாகி, அதில் படிந்த தூசி கருகி, மணம் வீடெல்லாம் பரவியது. "ஆத்துத் தண்ணி வேகிற மணமடா" என்று வருசாவருசம் நீ சொல்லுவாய். இன்றைக்கு அது மூக்கில் ஏறினவுடன் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. உன்னில்தான். செத்தவனோடு சண்டை பிடிக்கிறவன் விசரன் என்று சனம் சொல்லும். சொல்லட்டும்.

இளவயதில் மலைநாட்டு நீர்மின் நிலையத்தில் வேலை செய்தவன் நீ. பேந்து இங்கே டோர்வல் விமான நிலையத்தில் என்னோடு சேர்ந்து பெட்டி தூக்கினாய். அதைப் பற்றி ஒருநாளும் நீ குறைப்பட்டதில்லை. ஆனால் தண்ணீர், கரண்ட் என்று தொடங்கினால் உன் வாய் மூடாது. ஊரிலிருந்து யார் புதிதாக வந்தாலும், மற்றவர்கள் மலைமேல் இருக்கிற பெரிய தேவாலயத்தைக் காட்டுவார்கள். நீ மட்டும் பஸ் ஏற்றி, நகரத்துக்கு வடக்கே ஓடுகிற ஆற்று அணைக்கட்டுக்குக் கூட்டிப் போவாய். பாவம், வந்த சனம் குளிரில் வெடவெடத்துக்கொண்டு நிற்கும். "மேல நிக்கிற தண்ணி கீழ விழேக்க சில்லைச் சுத்துது, சில்லு சுத்தினாக் கரண்ட். எரிக்கிறதுமில்லை, புகையுமில்லை" என்று விளங்கப்படுத்துவாய். ஆறு நிறையத் தண்ணி போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கவேணும், உன்ர வீட்டுக்கு வாறதும் அந்த ஒற்றைக் கம்பியாலதானே என்று நான் பகிடி பண்ணுவேன். என்னைவிட நீதான் பலமாகச் சிரிப்பாய்.

அந்தக் கம்பிதான் அறுந்தது. குளிர்காலம் முடிகிற நேரம் ஐஸ் மழை கொட்டி, உன் வீட்டுப் பின் ஒழுங்கையில் நின்ற மேப்பிள் மரத்தின் கொப்பொன்று பாரம் தாங்காமல் முறிந்து அதன்மேல் விழுந்தது. நாலு தெரு தள்ளி, வில்லரேயில் எங்கள் வீட்டில் வெளிச்சம் இருந்தது. உன் மனிசி ரொறன்ரோவில் மகளிடம் போயிருந்தா, நீ தனிய இருந்தாய். காலையிலேயே ஃபோன் எடுத்து, இங்கே சூடு இருக்கு, சோறு இருக்கு, எங்கட வீட்டுத் திறப்பும் உன்னட்டை இருக்கு, வந்து திறந்துகொண்டு உள்ளுக்கு இரு என்றேன். என் மனிசியும் ஃபோனைப் பறித்துக் கெஞ்சினா.

"ஆறு நிக்கேல்லை மச்சான். ஆறு ஓடினாக் கரண்ட் வரும். பேந்து வாறன்."

அதுதான் உன் கடைசிக் கதை. என்ன நம்பிக்கையடா அது? நல்லூர்க் கந்தனைக்கூட நீ அப்படி நம்பினதை நான் காணவில்லை.

மத்தியானம் நீ ஃபோன் எடுக்கவில்லை. வழுக்குகிற நடைபாதையில் விழுந்தெழும்பி வந்தேன். தட்டியும் கதவு திறபடவில்லை. நான் கூப்பிட்ட தீயணைப்புக்காரர்தான் உடைத்தார்கள். பல்கனியில் நிற்கவேண்டிய பாபிகியூ அடுப்பு குசினிக்குள் நின்றது. கரி நீறு பூத்திருந்தது. பக்கத்துக் கதிரையில் நீ சால்வையோடு சரிந்திருந்தாய். குளிருக்கென்று யன்னலெல்லாம் பிளாஸ்டிக் ஒட்டி, காற்று வர ஊசித் துவாரமும் வைக்கவில்லை நீ. புகை அடங்கினால் தணல் பாதகமில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் ஊரில் பழகின புத்தி. ஓட்டு இடுக்கெல்லாம் காற்றோடின குசினியடா அது. இங்கே அடைத்த வீட்டுக்குள் அந்தத் தணல் விடுகிற வாயுவே நஞ்சு, அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. புகையில்லை, புகையில்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், புகையில்லாததுக்குள்ளேயே போய் இருந்தாய்.

உன்னைக் கொண்டுபோனபிறகு, யன்னல்களைத் திறந்து காற்று விட்டுத்தான் என்னை உள்ளே விட்டார்கள். ஆணியில் எங்கள் வீட்டுத் திறப்புத் தொங்கியது. அதை எடுக்கும்போது பிரிட்ஜ் உறுமியது, குசினி லைற் பற்றியது. நீ சொன்னபடியே கரண்ட் வந்தது. அந்த லைற்றைப் பார்த்து வாயில் வந்த தூஷணமெல்லாம் சொல்லி ஏசினேன்.

செத்தவீட்டில் சனம் என்ன சொன்னது தெரியுமா? நோகாமல் நித்திரையிலேயே போயிட்டார், குடுத்துவைச்ச மனிசன், எல்லாம் விதி. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "விதியுமில்லை மண்ணாங்கட்டியுமில்லை. அடைச்ச வீட்டுக்குள்ள கரி" என்று எல்லாருக்கும் முன்னால் கத்தினேன். உன் மகள் வந்து என்னை அடக்கப்போறாள் என்று பார்த்தால், கையைப் பிடித்து, "இன்னும் சொல்லுங்கோ மாமா" என்றாள்.

சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன். புதுச் சனத்தை அணைக்கட்டுக்கு இப்போது நான்தான் கூட்டிப் போகிறேன். தண்ணி, சில்லு, கரண்ட் என்று நீ சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு, நீ சொல்லாததையும் சொல்கிறேன்: கம்பி அறுந்தால் கரியை உள்ளுக்குக் கொண்டுபோகாதேங்கோ, என்ர வீட்டுக்கு வாங்கோ. போன கிழமை சென்னையிலிருந்து படிக்க வந்த பிள்ளை ஒன்று, இவ்வளவு தண்ணி ஓடுது, கரண்ட் எப்படி அங்கிள் போகும் என்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் அந்தப் பிள்ளைக்கு எங்கள் வீட்டுத் திறப்பொன்று புதிதாக வெட்டிக் கொடுத்தேன். உன்னுடையது என் ஜக்கெற்றுக்குள்தான் கிடக்கிறது. அதை ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன். பேந்து வாறன் எண்டு சொன்னனியெல்லோ.